கந்தளாய் எத்தனை பைற்று? – ஒரு விசாரணை

கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தவர் யார் என்னும் விஷயத்தில், இரண்டாம் அக்கபோதி மன்னனே என்று சிங்கள வரலாற்று மரபும், கோணேசர் கோயில் வயல்களுக்கு நீர் பாயும் பொருட்டுக் குளக்கோட்டனே கட்டினான் என்று தமிழ் மரபும் நெடுங்காலமாக வாதித்து வருவது வித்துவான்கள் அறிந்ததே. அவ்வூரைக் குறித்து அதனினும் சிக்கலான வினா ஒன்றிருக்க, அதனை ஒருவரும் தீண்டாது விட்டமை பெருங்குறையென எமக்குத் தோன்றுகிறது. திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளையும் ஒரு தரவுத்தளத்திற் பதிந்து வைத்து, சீனித் தொழிற்சாலை எழுந்த பிரிவு எது என்று வினவ, அத்தளம் ‘கந்தளாய்’ என்று ஒரே சொல்லில் விடையிறுக்குமாயின், அவ்விடையின் பரிமாணம் யாது?

இலக்கண நூலாரைக் கேட்டால் சங்கடமில்லை. எழுத்து ஐந்து. மாத்திரையோ, குறிலிரண்டுக்கு இரண்டும், நெடிலொன்றுக்கு இரண்டும், மெய்யிரண்டுக்கு ஒன்றுமாகக் கூட்ட, அதுவும் ஐந்தே. எழுத்தும் மாத்திரையும் இங்ஙனம் சமனாக நிற்கும் பாக்கியம் அயலூராகிய கிண்ணியாவுக்கு இல்லை. அதற்கு எழுத்து நான்கு, மாத்திரை நாலரை.

ஆனால் கணினி நன்னூல் கற்றதன்று. அது மெய்யின் தலைமேலிருக்கும் புள்ளியையும், ளகரத்தின் பக்கத்திலிருக்கும் காலையும் தனித்தனிக் குடிகளாகப் பதிந்துகொள்வதனால், அதன் பேரேட்டில் கந்தளாய் எட்டுக் குறியீடுகளாகிறது. அவ்வெட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று. மும்மடங்கு ஏன் என்பார்க்கு விடை: 1992-இல் கென் தொம்சன் என்பவர் ரொப் பைக் என்னும் சகாவோடு நியூ ஜேர்சி மாநிலத்து உணவுச்சாலை ஒன்றிலமர்ந்து, மேசைத்தாளில் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்றும், தமிழும் சிங்களமும் குடியிருக்கும் தெருவிலுள்ளார்க்கு மூன்று பைற்றும் விதிக்கப்பட்டன. இவ்வரி இருமொழியாருக்கும் பேதமின்றி விதிக்கப்பட்டதென்பதை, இந்நாட்டில் அபூர்வமான சமத்துவமாகக் குறித்து வைக்கிறோம். ஆக, மைஎஸ்கியூஎல் தளத்தில் ‘லெங்த்’ என்று கேட்டால் 24 என்றும், ‘சார்-லெங்த்’ என்று கேட்டால் 8 என்றும் வரும். ஐந்து என்று சொல்லும் கட்டளை அதனிடம் இல்லை.

இதனினும் விபரீதமானது மாவட்டத்தின் பெயர். ‘திருகோணமலை’ என எழுதுவோர்க்கு 30 பைற்று. ககர மெய்யை இரட்டித்துத் ‘திருக்கோணமலை’ என எழுதுவோர்க்கு 36. இது புலவர் சண்டை, விட்டுவிடலாம். ஆனால் ‘கோ’ என்னும் எழுத்தை ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், முன்னே ஓர் இரட்டைக்கொம்பும் பின்னே ஒரு காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணக்குக்கு மூன்று பைற்று வேறு. அதனால் 33, 39 என்னும் தொகைகளும் பிறக்கின்றன. ஒருவர் ஒரு விதமாய்த் தட்டச்சு செய்த ஊரை மற்றொருவர் வேறு விதமாய்த் தட்டச்சு செய்து தேடினால், குறியீடுகளை முன்பே சீர்ப்படுத்தி வையாத தளம் ‘அப்படியொரு மாவட்டம் இல்லை’ என்று கைவிரித்துவிடும். கோணேசர் மலைமேல் வீற்றிருக்க, மாவட்டம் மாத்திரம் காணாமற் போவது இவ்வாறே.

இனி, 24 என்பதே முடிந்த முடிபு என்பார்க்கு ஆட்சேபங்கள் உள. போஸ்ட்கிரெஸ் என்னும் தளத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் வைத்த ‘கந்தளாய்’ என்னும் சொல்லுக்கு அது தன் நீளக்குறிப்பு ஒரு பைற்றையும் சேர்த்து 25 என்கிறது. வரிசைத் தலைப்புக்கு 24-உம் சுட்டிக்கு 4-உம் வேறே. வட்டிலிருந்து வாசிக்க நேர்ந்தாலோ, இச்சொல்லை மட்டும் பிய்த்தெடுக்க அதற்குத் தெரியாது. 8192 பைற்றுக் கொண்ட பக்கம் முழுவதையும் தூக்கிவரும்.

அவ்விடை கம்பிவழி புறப்படும்போது பரிவாரம் ஒன்று உடன் செல்கிறது. ‘பிரதேசம்’ என்று தலைப்பிட்ட நிரலொன்றே கேட்டதாக வைத்துக்கொண்டால், நிரலின் வர்ணனைக்கு 50 பைற்று, விடை கொண்ட வரிசைக்கு 35, ‘ஒன்று எடுத்தேன்’ என்னும் முடிவுரைக்கு 14, ‘அடுத்ததைக் கேள்’ என்னும் ஆயத்தவுரைக்கு 6, ஆகமொத்தம் 105. இணையப் பொதியின் உறைகளை இன்னும் நாம் எண்ணவில்லை. போஸ்ட்கிரெஸின் 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பிலிருந்து, விடையை அனுப்பும் வடிவாக்குகையில் எவ்வளவு சேர்ந்தது என்பதை அத்தளமே விளக்கக் கட்டளையில் சொல்லுகிறது; ஆயினும் கிலோபைற்றுக் கணக்கிலேயே சொல்வதனால், நம்மைப்போன்ற ஏழை ஆராய்ச்சியாளருக்கு அதனால் பிரயோசனமில்லை. விடையே இல்லாத வெறுமையை அனுப்பினாலும் அந்நிரலுக்கு 4 பைற்று ஆகிறது என்பதை, சூனியத்துக்குக் கனமுண்டோ என்று விசாரிக்கும் தத்துவ சாஸ்திரிகள் கவனிப்பார்களாக.

சேர்ந்த இடத்தில் இணையச் செயலி அவ்விடையை ஜேசன் என்னும் வடிவுக்கு மாற்றுகிறது. சில கணினி மொழிகளின் நூலகங்கள் இயல்பாகவே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஆறு ஒற்றைப்பைற்றுக் குறிகளாக விரித்தெழுதும் பழக்கமுடையவை. எட்டை ஆறாற் பெருக்கி, மேற்கோட் குறியிரண்டும் கூட்டினால் 50. ஐந்தெழுத்து ஐம்பது பைற்றாயிற்று.

குளத்திற் கிடக்கும் நீரும், துருசு திறந்து விடும் நீரும், வாய்க்காலில் ஊறியும் காய்ந்தும் போனபின் வயலைச் சேரும் நீரும் ஒன்றல்லவென்பது கந்தளாயிற் சிறுபோகம் செய்யும் எவரும் அறிந்தது. அங்கே, ‘எவ்வளவு நீர்?’ என்று கேட்பவன், ‘எவ்விடத்தில்?’ என்றும் சேர்த்தே கேட்பான். (1986 ஏப்ரல் 20-இல் அக்குளத்தின் அணை உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று, ஆதலால் இவ்வுவமையை இதற்குமேல் விளையாட்டாக நீட்ட மாட்டோம்.) வேறுபாடு ஒன்றே: நீர் வழியிற் குறைகிறது, தரவு வழியிற் பெருகுகிறது. எனவே அட்டவணையின் அளவைப் பார்த்து விடையின் அளவை ஊகிப்பவரும், விடையின் அளவைப் பார்த்து அட்டவணையை ஊகிப்பவரும் எதிரெதிர்த் திசைகளில் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

எமது துணிபு: சொல்லளவில் 24, கம்பியில் 105, வட்டில் 8192. இம்மூன்றனுள் ஒன்றையே விடையென்று தருவோர் வினாவைச் சரியாகப் படிக்கவில்லை. இக்கணக்கிற் குற்றங் காணும் அன்பர்கள், தாம் எந்தத் தளத்தில், எந்த இடத்தில் நின்று அளந்தனர் என்பதையும் உடன் எழுதியனுப்புமாறு வேண்டுகிறோம்.