திண்ணைக்கு எதுக்குய்யா சிக்னல்?

வாய்யா பேராண்டி, உக்காரு. திண்ணையை இடிச்சுட்டு காரு நிறுத்த போர்டிகோ கட்டப்போறியாமே? கொத்தனாரு காலையிலேயே நூல் புடிச்சுப் பாத்துட்டுப் போனாரு. தாராளமா கட்டு, நான் குறுக்க நிக்கமாட்டேன். "இனிமே நோய் நொடி வந்தாலும் பள்ளிக்கூடமே போனுக்குள்ள வந்துரும், திண்ணை எதுக்கு தாத்தா?"ன்னு கேட்டியே, அந்தப் பேச்சுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. அனுபவப்பட்ட கிழவன், ஒரு மூணு யோசனை சொல்றேன், கேட்டுக்கோ.

முதல் யோசனை, ஆடு வளரு. கொரோனாவுக்காக 2020 மார்ச் 17-ல பள்ளிக்கூடத்தைப் பூட்டுனப்போ பதினஞ்சு நாள் லீவுன்னாங்க. பிள்ளைக ஆட்டம் போட்டுச்சுக. பெறகு ஆன்லைன் கிளாசுன்னாங்க. உன் சித்தப்பன் சினையாட்டைச் சந்தையில தள்ளிட்டு டச் போன் வாங்கியாந்தான். ரெண்டு பிள்ளைக்கு ஒரு போனு. அக்கா கணக்குப் பாத்தா தம்பிக்குத் தமிழ் கிடையாது. அப்பன் வேலைக்குப் போனா அவன் சட்டைப்பையில போனும் ஏறிப் போயிரும். ஆடா இருந்தா குட்டி போட்டிருக்கும். போனு மாசாமாசம் ரீசார்ஜு கேட்டுச்சு.

ரெண்டாவது, பிள்ளைக்கு மரமேறப் பழக்கு. நம்ம தெருவுல சிக்னல் குடியிருந்தது அந்த வேப்பமரத்து ரெண்டாவது கொப்புல. உன் தம்பி அதுல குந்திக்கிட்டுத்தான் அறிவியல் படிச்சான். எங்க வாத்தியாரு எங்க வாயை மூட வைக்க விளாறு ஒடிச்சாரு. இப்ப ஒரு பொத்தானை அமுக்குனா போதும், வகுப்பே ஊமை. பேரு மியூட்டாம்.

அரசாங்கமும் சும்மா இருக்கல. 2019-ல தொடங்குன கல்வி தொலைக்காட்சியில பாடம் நடத்துனாங்க. நல்லாத்தான் நடத்துனாங்க. டீச்சரம்மா கேள்வி கேக்கும், உன் தம்பி பதில் சொல்லுவான். தப்பாச் சொன்னாலும் அந்தம்மா சிரிச்ச முகமா அடுத்த கேள்விக்குப் போயிரும். அப்படியொரு தங்கமான டீச்சரை எங்க காலத்துல நான் கண்டதில்ல. 2020-ல பத்தாம் வகுப்புப் பரீட்சையையும் ரத்து பண்ணி எல்லாரும் பாஸுன்னுட்டாங்க. மூணு தடவை எழுதியும் தேறாத நான், தப்பான காலத்துல பொறந்துட்டேன்.

மூணாவது, வயித்துக்கும் ஒரு ஆப்பு கண்டுபிடி. பூட்டுன காலத்துல அரிசியும் பருப்பும் வீட்டுக்கே குடுத்தாங்க, இல்லேங்கல. ஆனா அது மொத்தக் குடும்பத்துக்கும் உலையில ஏறிரும். தட்டைத் தூக்கிட்டு வரிசையில நின்னு, உன் முட்டை பெருசா என் முட்டை பெருசான்னு அளந்து தின்ன சத்துணவை எந்த டவர் வழியா எறக்குறது?

சின்ன வகுப்புகளைத் திறந்தது 2021 நவம்பர் 1-ல. பத்தொம்பதரை மாசம். ஒண்ணாப்புல விட்ட பய நேரா மூணாப்புல போய் உக்காந்தான், 'அ'னாவுக்குச் சுழி எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு. கீழத்தெருவுல எட்டாப்புப் படிச்ச ஒருத்தன் செங்கச் சூளைக்குப் போனவன் திரும்பவே இல்ல. அவனை மியூட்டுல போட்டது யாருன்னு தெரியல, இன்னிக்கு வரைக்கும் எவனும் எடுத்துவிடல.

அதுக்கு அரசாங்கம் என்ன செஞ்சுச்சு தெரியுமா? இல்லம் தேடிக் கல்வின்னு 2021 அக்டோபர்லயே மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல தொடங்கி, சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கத் தெருத்தெருவா ஆளு சேத்துச்சு. மேலத்தெருக் காலேஜுப் பொண்ணு ஒண்ணு வந்து, "தாத்தா, உக்கார இடம் வேணும்"னுச்சு. எங்க ஐயா மணல்ல விரலால எழுதிப் படிச்ச இந்தத் திண்ணையைத்தான் காட்டினேன். புளியங்கொட்டையில கூட்டலு, தரையில சாக்பீசு. ரீசார்ஜு கேக்கல.

கொஞ்சம் காலைத் தூக்கு. அந்தக் கல்லுல பாரு, எவனோ ஆணியால ஏழாம் வாய்ப்பாட்டைக் கீறியிருக்கான். ஏழேழு நாப்பத்தெட்டுன்னு எழுதிட்டான். அந்தப் பொண்ணு பக்கத்துல உக்கார வச்சு, புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, அவன் கையாலேயே திருத்த வச்சுச்சு. எட்டு மேல ஒம்பது கீறியிருக்கு, தெரியுதா?

சரி, இருட்டுது. கொத்தனாரு வந்தா அந்தக் கல்லுலருந்தே கடப்பாரையைப் போடச் சொல்லு. மனசு வரலேன்னா காரை வேப்பமரத்தடியில நிப்பாட்டிக்கோ. அங்க சிக்னலும் நல்லா கிடைக்கும்.