பத்து வருஷம் குறைச்சல்

மதுரையில் பெரும்புள்ளிகளுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. நாம் பார்க்கப்போவது ஒரு சிறுபுள்ளியை: தசமப் புள்ளி.

இறையனார் களவியல் உரை முச்சங்கக் கணக்கு ஒன்றை ஒப்பிக்கிறது. தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. 'சுமார்' என்ற பேச்சே இல்லை. இதைப் பள்ளிக்கூடத்து அறிவியல் குறியீட்டுக்கு மாற்றுவோம். புள்ளியை முதல் இலக்கத்துக்கு அடுத்து உட்கார வையுங்கள். எத்தனை இடம் தாண்டி வந்தது என்று எண்ணி, அந்த எண்ணைப் பத்தின் தலையில் ஏற்றுங்கள். 4.44 × 10³, 3.7 × 10³, 1.85 × 10³. மூன்றுக்கும் ஒரே அடுக்கு என்பதால் முன்னால் நிற்பதை மட்டும் கூட்டினால் போதும்: 9.99 × 10³. புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் திருப்பி அனுப்பினால் 9990.

செருப்புக்கடை விலை! பத்தாயிரம் என்று வாய் நிறையச் சொன்னால் அளப்பு என்பார்கள். பத்தைக் குறைத்தால் உட்கார்ந்து எண்ணியதுபோல் இருக்கும். போதாததற்கு மூன்று எண்ணும் 37-ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. இடைச்சங்கத்துக்குப் பாண்டியர் 59 பேராம்; சராசரியாக ஆளுக்கு 62 வருஷத்துக்கு மேல் ஆட்சி. இளவரசர்கள் பாவம், தலை நரைத்துத்தான் முடிசூடியிருப்பார்கள். சிவபெருமான் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர் பெயரில் வழங்கும் உரை இது. கூட்டலில் கைவைக்க யாருக்குத் துணிவு? ஆவணம் கேட்டால், முதலிரண்டு சங்கம் இருந்த ஊரையும் கடல் கொண்டுவிட்டது. தணிக்கைக்காரருக்கு இதைவிட நல்ல பதில் எந்த அலுவலகமும் இன்றுவரை சொன்னதில்லை.

எழுதவும் சிரமமில்லை. பழந்தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பூச்சியத்துக்கு வேலையே கிடையாது. 3700 என்றால் ௩௲௭௱. அந்த ௩௲ வேறென்ன, 3 × 10³ தானே! உடனே மீசையை முறுக்க வேண்டாம். நம் முறையில் ஒவ்வொரு பெரிய படிக்கும் புதுக்குறி தேட வேண்டும். 1637-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் டெகார்த்தின் நூலில் வந்ததுபோல் அடுக்கைச் சின்ன எண்ணாக மேலே ஏற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

நம்மவர்கள் பேரெண்ணுக்குப் பெயர் தேடிப் பூக்கடைக்குப் போனார்கள். பரிபாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் எல்லாம் எண்கள். கிரேக்கத்து ஆர்க்கிமிடீஸோ அண்டம் முழுக்க மணலைக் கொட்டி 10⁶³ மணி கொள்ளும் என்று அரசனுக்கு எழுதினார். வைகையில் அவ்வளவு மணல் கிடந்தும் நம் புலவர்கள் தொடவில்லை. அதை எண்ணும் பொறுப்பைப் பின்னாளில் லாரிக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சிற்றெண்ணிலும் சளைக்கவில்லை. இம்மி என்றால் 1/21,50,400. தசமமாக எழுதிப் புள்ளியை வலப்பக்கம் ஏழு இடம் நகர்த்தினால் ஏறத்தாழ 4.65 × 10⁻⁷; எதிர்த்திசையில் நகர்ந்ததால் அடுக்குக்குக் கழித்தல் குறி. 'இம்மியும் பிசகாது' என்று அடுத்த முறை சத்தியம் செய்யுமுன் யோசியுங்கள்.

சந்தேகமிருந்தால் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போய் எண்ணிப் பாருங்கள். சங்கக் கணக்கில் பத்தைக் குறைத்த ஊர், அங்கே பதினைந்தைக் கூட்டிக்கொண்டது. தூண்கள் 985.