யோம் கிப்பூர்: நோகாமல் பாவம் கழிக்கச் சில யோசனைகள்

யூதர்களின் பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூருக்கு விரதம் மொத்தம் 25 மணி நேரம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. ஆகவே முந்தின பகலில் ஒரு வெட்டு வெட்டுங்கள். கூச்சம் வேண்டாம், யோம் கிப்பூருக்கு முந்தின நாளான திஷ்ரி மாதம் ஒன்பதாம் நாள் சாப்பிடுபவருக்கு ஒன்பதும் பத்தும் சேர்ந்தே விரதம் இருந்த பலன் என்கிறது யூதச் சட்டநூலான தல்மூத். ஊறுகாயை மட்டும் ஒதுக்குங்கள், தாகம் கொன்றுவிடும். காபிப் பிரியர்கள் ஒரு வாரம் முன்பே அளவைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். அது முடியாதவர்களுக்கு ஆசனவாயில் வைக்கிற காஃபீன் மருந்து இருக்கிறது. வாயில் படவில்லையே!

ஆபீசில் லீவு கேட்கத் தயக்கமா? யூதப் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸைச் சொல்லுங்கள். 1965 பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம் யோம் கிப்பூரன்று வந்தது. அவர் பந்து வீச வரவில்லை. அவருடைய டாட்ஜர்ஸ் அணி அன்று தோற்றது, தொடரை வென்றது. முதலாளியிடம் பின்பாதியை அழுத்திச் சொல்லவும்.

விரத நாளில் தோல் செருப்பு ஆகாது. அதனால் ஜெப ஆலயத்தில் கோட்டு சூட்டு வக்கீலின் காலில் கிளிப்பச்சை ரப்பர் காலணி இருக்கும். சிரித்துவிடாதீர்கள், கேலியும் பாவப் பட்டியலில் உண்டு. அந்தப் பட்டியலை எபிரேய அகரவரிசையில், நெஞ்சில் தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். எல்லாமே பன்மையில் இருப்பதால் சௌகரியம்: புறம்பேசியது வரும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டே தட்டலாம்.

பசியெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மனிதருக்குச் செய்த தீங்கை, அந்த மனிதரைச் சமாதானப்படுத்தாமல் யோம் கிப்பூர் கழிக்காது என்று தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா கறாராகச் சொல்லிவிட்டது, சிக்கல் அங்கேதான். மசியாதவரிடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூன்று முறை போய்க் கேள் என்கிறார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ். அம்மாவின் புரூக்ளின் வீட்டை விற்றதிலிருந்து பேசாத அண்ணனிடம் மூன்று முறையா? போன் செய்தால் எடுத்துத் தொலைப்பார். எனவே சூரியன் சாய்வதற்குள், "தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்" என்று தட்டி எல்லோருக்கும் ஒரே அமுக்கில் அனுப்பிவிடுங்கள். பல் டாக்டர் உடனே மன்னித்துவிடுவார்.

மறுநாள் பிற்பகல் தீர்க்கதரிசி யோனாவின் புத்தகத்தை வாசிப்பார்கள். கடவுளிடமிருந்து தப்பி ஓடியவனின் கதை. உங்கள் மனம் அவனை விழுங்கிய மீனிலேயே நிற்கும். பாதகமில்லை, இரவு பேகலில் வைக்கப் புகையூட்டிய சால்மன் வாங்கியாகிவிட்டது.

நெயிலா என்ற நிறைவுத் தொழுகை முடிந்து எக்காளம் நீளமாக ஒலித்ததும் வீட்டுக்கு ஓடுங்கள். முதல் வாயைக் கடித்துக்கொண்டே போனைத் திறந்தால் அண்ணனின் பதில் வந்திருக்கும்: "தெரிந்தேதான்."