நண்பரின் சொந்தக்காரர் போட்ட டைல்ஸ்: ஒரு திணை ஆராய்ச்சி

கைக்கிளை, பெருந்திணை உட்பட அகத்திணை ஏழு என்பது இலக்கண மரபு. எட்டாவதாக ஒன்றைச் சேர்க்க இக்கட்டுரை துணிகிறது. நண்பரின் சொந்தக்காரரிடம் (இனி ந.சொ.) வீட்டு மராமத்தை ஒப்படைத்தவர், வேலை கெட்ட பிறகு திட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்பதே இதன் உரிப்பொருள். நிலம் குளியலறை. பெரும்பொழுது, வீட்டில் கல்யாணம் நிச்சயமானதும் வரும் மாதங்கள். சிறுபொழுது, கூலி கொடுக்கும் சனிக்கிழமை சாயங்காலம். கருப்பொருள்களாவன: கரண்டி, மணியாசுக் கட்டை, வாய் பிரித்துப் போட்ட சிமென்ட் மூட்டை, பேப்பர் கப்பில் ஆறிப்போன டீ. பறை, டைல் அறுக்கும் மெஷின். தெய்வம், 'பாத்துக்கலாம் சார்'.

சான்றாக மடிப்பாக்கத்தில் முதல் மாடிக் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "நம்ம மச்சான்தான்டா, வெளியாளுன்னா ஏமாத்துவான்" என்ற நண்பரின் ஒற்றை வாக்கியமே அங்கு டெண்டர், ஒப்பந்தம், உத்தரவாதம் எல்லாம். குளியலறைத் தரைக்கு அடிக்கு 1/8 அங்குலமாவது வாட்டம் வேண்டும் என்பது கொத்தனார்களின் பழைய கணக்கு. ஆறடி அறையில் அது முக்கால் அங்குலம். இங்கும் வாட்டம் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் நானி டிராப் இருக்கும் மூலைக்குத்தான் இல்லை. தரை நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தோம். அது கொஞ்சம் யோசித்தது, பிறகு நிதானமாகக் கதவை நோக்கிப் புறப்பட்டது.

குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ந.சொ. அருளியது: "இப்பத்தானே சார் போட்டிருக்கு. காய்ஞ்சா வாட்டம் தானா வந்துரும்."

இந்தச் சூத்திரத்துக்கு உரை எழுதுவது கடினம். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் பூசிய பின் 7 நாளாவது ஈரம் காக்கச் சொல்கிறார்கள். காயவிட்டால் வெடிப்பு வரலாம், வாட்டம் வராது. மேலும், ஒரு ரூபாய்க் காசால் டைல்களைத் தட்டிப் பார்த்ததில் பாதி இடத்தில் காலி டப்பாச் சத்தம். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஓர் உருண்டை என்று கலவையை வைத்து அழுத்திவிட்டால் இடையில் காற்றுதான் நிற்கும். நிறைகுடம் ஒன்று கை தவறி விழும் வரை அந்த டைல் நன்றாகவே இருக்கும்.

இனி இத்திணையின் ஜீவநாடிக்கு வருவோம். தலைவன் தலைவியின் ஊடல் தீர்க்கத் தொல்காப்பியம் 12 வாயில்களைத் தருகிறது: தோழி, பாங்கன், பாணன், விறலி என்று பெரிய பட்டாளம். நமக்கு வாய்த்ததோ ஒரே வாயில், நண்பர். "தண்ணி முழுக்க ரூமுக்குள்ள வருதுடா" என்று அவரிடம் சொன்னோம். அவர் தம் மனைவியிடம் பக்குவமாகச் சொன்னார். அந்த அம்மாள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னது: "டைல்ஸ் கலர் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். சின்னதா என்னமோ பாக்கணுமாம், அந்தப் பக்கம் போனா எட்டிப் பாரு." பதில் அதே வழியில் திரும்பி வந்தது: "அவ்வளவு தண்ணி எதுக்கு ஊத்திக் குளிக்கிறாங்க?"

சட்டத்தை நாடலாமே எனில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்று ஏற்கிறது. புகார் கொடுக்க 2 ஆண்டு அவகாசமும் தருகிறது. ஆனால் காசு வாங்காமல் செய்த வேலை அதன் கண்ணில் சேவையே இல்லை. "சரக்குக்கு மட்டும் குடுங்க சார், கூலி நீங்களா பாத்துக் குடுங்க" என்று ந.சொ. சொன்னது பெருந்தன்மையா, சட்ட ஞானமா என்பது தனி ஆய்வுக்குரியது. ரசீது என்ற சொல்லை உறவுக்குள் உச்சரிப்பது எப்படி என்பதும்தான்.

ரகசியமாக வேறு கொத்தனாரை வரவழைப்போர் உண்டு. "இத யாரு சார் போட்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் செருப்பையே கழற்றுவார். பதிலைச் சொன்னால், அவர் ஒரு காலத்தில் ந.சொ.விடம் சித்தாளாக இருந்தவர் என்பது தெரியவரும். பிறகு ரகசியம் எங்கே? நண்பர் வீட்டுக்குச் செய்தி போய், அந்த அம்மாள் போனை எடுக்காத கட்டம் ஆரம்பிக்கும்.

இவ்வாய்வாளரின் கட்சி வேறு. வாயிலை விட்டுவிட வேண்டும். டைல் ஒட்டும் முன்பே ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்துவிட வேண்டும். ஒட்டியதும், கடைசித் தவணை நம் கையில் இருக்கும்போதே, கலவை இறுகுவதற்குள், வாளித் தண்ணீரை ந.சொ. கையிலேயே கொடுத்து ஊற்றச் சொல்ல வேண்டும். குற்றம் சொல்வது தண்ணீர், நாம் அல்லோம். நண்பருக்கும் அவர் மனைவிக்கும் அதில் வேலை இல்லை.

மடிப்பாக்கத்தில் காலம் கடந்துதான் இம்முறை கையாளப்பட்டது. ந.சொ. ஊற்றினார். தண்ணீர் நானி டிராப்பை ஏறெடுத்தும் பார்க்காமல் வாசற்படி தாண்டி ஹாலுக்குள் போனது. வாளியைக் கீழே வைத்து, இடுப்பில் கை ஊன்றி, வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கதவு நிலையத்தான் தப்பான பக்கம் வெச்சிருக்காங்க சார்."