லேவியராகமத்தைத் தாண்டிய அம்மா

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறதோ, அங்கே ஓர் அம்மா வாசித்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் ரிட்டயர்டு டீச்சர். கண்ணாடியின் ஒரு கால் நூல் சுற்றிய நிலையில் இருக்கும். மடியில் ஜிப் வைத்த கறுப்பு உறைக்குள் பைபிள்.

நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று எங்கே போனாலும் இந்த அம்மாவுக்கு அக்கா தங்கைகள் உண்டு. ரேனியஸ் ஐயர் 1820இல் இந்தப் பக்கம் வந்த காலத்திலிருந்து மிஷனரிமார் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே கட்டிக்கொண்டு போனதன் பலன் இவர். அவர்கள் வாசிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். வாசித்ததை வீட்டில் யார் தலையில் இறக்குவது என்பதை அம்மா தானாகவே கற்றுக்கொண்டார்.

வருஷம் ஒருமுறை பைபிள் முழுவதையும் வாசித்து முடிப்பது அவர் கணக்கு. மொத்தம் 66 ஆகமங்கள், 1189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் கிறிஸ்துமஸ் கழிந்து மூச்சுவிட மூன்று நாள் மிச்சமாகும். இதே கணக்கோடு ஜனவரி ஒன்றாம் தேதி வீட்டில் எல்லோரும்தான் புறப்படுகிறார்கள். ஆதியாகமத்தில் கதை இருக்கிறது, யாத்திராகமத்தில் செங்கடல் பிளக்கிறது, ஓட்டம் அமோகமாக இருக்கும். ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பலிகளும் குஷ்டரோகச் சட்டங்களுமாக 27 அதிகாரங்கள். மகன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். அப்பா போன வருஷமும் அங்கேதான் உட்கார்ந்தார். அம்மா மட்டும் முந்தானையைச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் கரையேறிவிடுவார். கரையேறிய பெருமை அடுத்த டிசம்பர் வரைக்கும் பேச்சில் வரும்.

அவர் பைபிள், வாசிக்க மட்டும் உள்ள புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு குடும்பத்தின் பீரோ அது. போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை, கேஸ் ரசீது, மூத்தவனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சித்தப்பாவின் அடக்க ஆராதனை அட்டை, புத்தாண்டு ராத்திரி எடுத்த வாக்குத்தத்தச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். தசமபாகப் பணம் மல்கியா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கும். தசமபாகத்தைப் பற்றிப் பேசுகிற அதிகாரம் அது என்பதால், அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாயை உருவ வருகிறவன் வசனத்தின் முகத்தில் விழிக்காமல் உருவ முடியாது. வங்கி லாக்கருக்குக்கூட இத்தனை பந்தோபஸ்து கிடையாது.

பக்க ஓரங்கள் இன்னும் விசேஷம். சங்கீதம் ஒன்றின் பக்கத்தில் ‘தம்பிக்கு டைபாய்டு’ என்று பென்சிலில் எழுதியிருக்கும், தேதியோடு. நீதிமொழிகளில் சோம்பேறியைப் பற்றி வரும் இடமெல்லாம் சிவப்பு மை அடிக்கோடு. பக்கத்தில் பெயர் கிடையாது. தேவையும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஆள் தெரியும்.

ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். இன்றைக்கு எதை வாசிப்பது என்பது அம்மாவின் கையிலிருக்கும் ஆயுதம். பிள்ளைகள் ஒழுங்காக இருந்த நாளில் சங்கீதம் 117, இரண்டே வசனம். ஐபிஎல் பைனல் அன்று மகன் வாசல் பெருக்குவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் அந்த 117க்காகத்தான். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பத்து மணிக்கு வந்த நாளில் சங்கீதம் 119. மொத்தம் 176 வசனங்கள். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிச் சுற்றி வரும்போது அப்பாவுக்குத் தாமதத்தின் விலை புரிந்துவிடும். உன்னதப்பாட்டு முறை வந்தால் மட்டும், “அத அவங்கவங்க தனியா வாசிச்சுக்கிடுங்க” என்று எட்டு அதிகாரங்களையும் ஒரே தாண்டு தாண்டி ஏசாயாவில் போய் நிற்பார்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்புதான் வேதம். மருமகள் ஆசையாக எளிய தமிழ்ப் பைபிள் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, “பேப்பர் வாசிக்க மாதிரி இருக்கு மக்கா” என்று ஷோகேஸில் வைத்துவிட்டார்.

ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது காலடியில் உட்கார்ந்து கேட்ட மரியாள், வேலையில் ஓடியாடிய மார்த்தாள் கதையில் இவர் மார்த்தாள் கட்சி. ஐயர் ஒவ்வொரு முறை பிரசங்கத்தில் மார்த்தாளைக் குறை சொல்லும்போதும் அம்மா பெஞ்சில் நெளிவார். வீட்டுக்கு வந்து கறியைத் தாளித்துக்கொண்டே சொல்வார்: “ஆண்டவர் சொன்னது சரிதான். ஆனா அன்னைக்கு அத்தன பேருக்கும் சோறு பொங்குனது யாருன்னு ஐயர் சொல்லவே மாட்டேங்காருல்லா?” எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

மெத்தைக்கு அடியில் இன்னொரு நூலகம் இருப்பது ஊரறிந்த ரகசியம். ரமணிசந்திரன், ராஜேஷ்குமார், பைண்டு பண்ணிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம். லெந்து காலம் நாற்பது நாளும் வாரப் பத்திரிகையைத் தொடமாட்டார். ஆனால் பேப்பர்காரரை நிறுத்தவும் மாட்டார். வரிசை கலையாமல் அடுக்கி வைத்து, ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை தொடர்கதை முழுவதையும் ஒரே மூச்சில் முடிப்பார். அன்று வீட்டில் பழைய சோறுதான். கல்லூரி போகிற மகள் ஒருநாள் கேட்டாள்: “ஏம்மா, நாவல் வாசிச்சா பாவம் இல்லையா?” அம்மா அசரவில்லை. “எஸ்தர் புஸ்தகத்துல கர்த்தர் பேரு ஒரு இடத்துலயாவது வருதாட்டி? அதையும் வேதத்துல சேத்துத்தான வச்சிருக்கு?” மகள் பத்து அதிகாரங்களையும் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

வீட்டில் நடப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சியாக அரங்கேறும். குக்கர் விசில் அடிக்காமல் நின்றதில் பொறுமையைப் பற்றி ஒரு தியானம், தொலைந்த சாவி கிடைத்ததில் காணாமற்போன ஆட்டைப் பற்றி ஒன்று. “எங்க வீட்டுல ஒருத்தர்” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார், பெயரைச் சொல்லமாட்டார். அந்த ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஐயரம்மா முதல் கோயில் பிள்ளை வரைக்கும் அவரை இரக்கத்தோடு பார்ப்பார்கள். காரணம் தெரியாமல் அப்பா எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே உள்ளே போவார்.

இந்த அம்மாவுக்கு நீங்கள் தாராளமாகப் புத்தகம் இரவல் கொடுக்கலாம். அட்டை போட்டு, மடிப்புக் கலையாமல், சொன்ன தேதியில் திருப்பித் தருவார். வாங்கியதும் அலமாரியில் வைத்துவிடாமல் ஓரங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எங்கேயாவது அடிக்கோடு இருந்தால், அது உங்களுக்குத்தான்.