தூணுக்கும் சுவருக்கும் நடுவே

பெருமதிப்பிற்குரிய குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு,

வேளச்சேரி அடுக்ககத்தின் இரண்டாம் மாடி வாடகைதாரன் (ஓட்டு கிடையாது, மெயின்டனன்ஸ் உண்டு) எழுதிக்கொள்வது. நான் நலம். கடிதம் என் காரைப் பற்றியது.

குடிவந்த அன்று கல்யாணம் ஆயிற்றா, சைவமா, ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்களா என்றெல்லாம் என்னைக் கேட்டீர்கள். காரை ஒரு கேள்வி கேட்கவில்லை. மாதம் 2,500 என்றீர்கள், தீர்ந்தது. வீட்டு வாடகை 24,000. அதற்குப் பத்து மாத அட்வான்ஸ். 2017 வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம்தானே என்று இழுத்தேன். 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் தவிர' என்று அதே பிரிவில் இருப்பதை ஹவுஸ் ஓனர் விரல் வைத்துக் காட்டினார். சட்டம் படித்த ஓனர் அமைவதற்கும் கொடுப்பினை வேண்டும். சங்கமும் சளைக்காமல் காருக்குப் பத்து மாதம் வாங்கிக்கொண்டது.

விதிப்படி ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். எனக்கு ஒதுக்கிய இடத்திலும் அவ்வளவு இருக்கிறது, தூணையும் சேர்த்து அளந்தால். கேட்டிலேயே மனைவியையும் பிள்ளையையும் இறக்கிவிட்டு, இரண்டு கண்ணாடிகளையும் மடக்கி, மூச்சைப் பிடித்து உள்ளே நுழைத்து, இடது பக்கக் கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வருகிறேன். தூணில் என் காரின் சிவப்பு. காரில் தூணின் வெள்ளை. சம்பந்திகள் போலச் சீர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கும் போட்டேன். 800 சதுர அடி வீட்டில் எனக்குச் சதுர அடி 30 ரூபாய். சுமார் 134 சதுர அடியில் நிற்கும் காருக்கு 19 ரூபாய்கூட ஆகவில்லை. ஏசி, சாய்கிற சீட், பாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. குடும்பத்தோடு கீழே இறங்கிவிடலாமா என்று பொதுக்குழுவில் கேட்டுச் சொல்லவும். பொதுக்குழுவுக்குத்தான் என்னைக் கூப்பிடுவதில்லையே.

ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்களிடம் எடுத்துச் சொன்னேன். "விற்கக் கூடாதுன்னுதானே சார் சொல்லியிருக்கு?" என்றீர்கள். அன்றுமுதல் சட்டம் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இடமும் என்னுடையதில்லை. உங்கள் மருமகன் வண்டி நிற்கும். அந்தப் பெரிய வண்டியை அவர் ஒரே மடக்கில் உள்ளே விடுகிற லாவகத்தை பால்கனியிலிருந்து பார்த்து ரசித்திருக்கிறேன். என் கார் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிடும்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் ஊரே வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை ஏற்றியது. நானும் ஓடினேன். தூண் இல்லை, வாடகை இல்லை, நான்கு கதவும் முழுசாகத் திறந்தன. பிள்ளை திறந்து திறந்து மூடினான். எனக்கு முன்னால் உங்கள் வண்டி, அதற்கு முன்னால் மருமகனுடையது. நீங்கள் குடையோடு வந்து, "கொஞ்சம் பின்னாடி எடுத்தீங்கன்னா இவர் கதவு திறக்க வசதியா இருக்கும்" என்றீர்கள்.

எடுத்தேன் சார்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி

பி.கு.: இந்த மாத ரசீதில் 'பார்க்கிங் பராமரிப்பு 300' என்று புதிதாக ஒரு வரி இருக்கிறது. தூணுக்கு வெள்ளையடித்ததற்கா?