ஒசாகாவை மிஞ்சிய கண்டிகை

நகர நடுவில், ரயிலடிக்குப் பக்கத்தில், வசதியான அறை என்றால் ஜப்பான்தான் என்று சொல்லித் திரிகிறோம். 1979-இல் ஒசாகாவில் முதல் கேப்சூல் ஹோட்டல் வந்தது; வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. ஆளுக்கொரு பெட்டி. கால் நீட்டலாம், எழுந்து நிற்க முடியாது. தேர்வாய் கண்டிகை சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளைப் பார்த்திருந்தால், அவர் பெட்டியை இவ்வளவு தாராளமாகச் செய்திருக்க மாட்டார். ஒசாகாவில் ஆள் கிளம்பியதும் படுக்கை சும்மா கிடக்கும். இங்கே இரவு ஷிப்ட் முடித்து வருபவர், பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயில் சூடு ஆறுமுன் சாய்கிறார். உற்பத்தித்திறன் என்றால் இதுதான்.

ரயிலடி பக்கத்தில் இல்லையே என்பார்கள். கம்பெனி பஸ் வருகிறதே! தனிமை இல்லையே என்றால், கொடியில் காயும் சீருடைகளைவிடத் திரைச்சீலை வேண்டுமா? நாகசாகியில் 2015-இல் ரோபோக்களை வைத்து ஹோட்டல் திறந்தார்கள். அறையிலிருந்த ரோபோ குறட்டையைக் கேள்வி என்று நினைத்து விருந்தாளியை எழுப்பியது. இங்கே குறட்டைக்குப் பக்கத்துப் பாயின் முழங்கை பதில் சொல்லும். சார்ஜ் போட வேண்டியதில்லை. அரசுக்குத் தங்குமிடம் கட்டத் தெரியாது என்பதும் அவதூறு. சுமார் 380 கோடி ரூபாயில், கரை, மதகு எல்லாம் வைத்து, 2020 நவம்பரில் இங்கேயே ஒன்றைத் திறந்தார்கள். 50 கோடி கன அடித் தண்ணீர் அதில் கால் நீட்டிப் படுக்கலாம். சென்னைக்குக் கிளம்பும்வரை வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை.